கண்ணுக்கு ஒரே ஒரு வேகம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான ஒரு கட்டுரை, மனிதக் கண்ணால் விநாடிக்கு 24 படங்களுக்கு மேல் பார்க்க இயலாது என்றும், அதைவிட விரைவாக நடப்பது எதுவும் கண்ணைப் பொறுத்தவரை நடக்காததற்குச் சமம் என்றும், ஆகவே வீட்டு விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குவதைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் கூறியிருந்தது. தொழிற்பயிற்சி நிலையங்களில் கடைசல் பிரிவு ஆசிரியராக 31 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். இதே கருத்தை நம்பி விளக்கு மாட்டிய ஒரு பட்டறையில், ஒரு மாணவனின் கை போகவிருந்ததை நேரில் பார்த்தவன். எனவே சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

நான் கடைசியாகப் பணியாற்றிய நிலையத்தில், பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு மலிவான எல்இடி விளக்குகளை மாட்டினார்கள். மாட்டிய மூன்றாம் நாள், பதினெட்டு வயது மாணவன் ஒருவன் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். வேலைப்பொருளைக் கவ்விச் சுழலும் மூன்று தாடை சக் நிமிடத்துக்கு 1000 சுற்று என்ற கியரில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வேறு எட்டு இயந்திரங்களும் ஓடியதால் எது ஓடுகிறது, எது நின்றது என்பதைக் காதால் பிரித்தறிய வழியில்லை. அவன் கண்ணுக்கோ, சக் நிற்கப்போகிற வேளையில் மெல்ல உருளுமே, அப்படி உருள்வதாகத் தெரிந்திருக்கிறது. மோட்டாரை அணைத்துவிட்டதாகவே எண்ணி, எண்ணெய் துடைக்கப் பஞ்சு வேஸ்டுடன் கையை நீட்டினான். நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் அவன் பின்னால் விழுந்தான். பஞ்சை மட்டும் சக் வாரிச் சுருட்டிக்கொண்டது. விளக்கை விற்றவரிடம் பிறகு கேட்டபோது, "நூறு தடவை மின்னுவதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது சார்" என்றார். தங்கள் கட்டுரையில் அதே வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு அந்தப் பஞ்சுதான் நினைவுக்கு வந்தது.

கண் எவ்வளவு குறுகிய நேரத்தைக் காணும் என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் விடை கிடையாது. கேள்வியை எப்படிக் கேட்கிறோமோ அதற்கேற்ப விடை பத்து மடங்கு, நூறு மடங்கு, சில வேளைகளில் பல்லாயிரம் மடங்கு மாறுகிறது. இதைப் பிரித்துச் சொல்லாமல் 24 என்ற எண்ணை மட்டும் சொன்னதே கட்டுரையின் குறை.

முதலில், ஒளி போன பிறகும் கண்ணில் அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற கேள்வி. தீபாவளி இரவில் பிள்ளைகள் கம்பி மத்தாப்பைச் சுழற்றும்போது இதைக் காணலாம். விநாடிக்கு இரண்டு முறை சுற்றினால் கால் வட்ட அளவுக்கு ஒரு நெருப்பு வளைவுதான் தெரியும். முழு வட்டம் வருவதில்லை. பிரான்சில் பாட்ரிக் தார்சி என்பவர் எரியும் கரித்துண்டைப் பொறியில் கட்டிச் சுழற்றி, எந்த வேகத்தில் வட்டம் மூடிக்கொள்கிறது என்று அளந்து, 1765-இல் விடை சொன்னார்: ஒரு சுற்றுக்குச் சுமார் 0.13 விநாடி. 250 ஆண்டுகளுக்கு முன் கிடைத்த இந்த நல்ல அளவைத்தான், பிற்காலத்தில் பலரும் கண்ணின் ஒட்டுமொத்த வேக வரம்பு என்று தவறாகப் பொருள்கொண்டார்கள். பார்த்தது எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது வேறு. எவ்வளவு குறுகியதைப் பார்க்க முடியும் என்பது வேறு.

இந்த வேறுபாட்டுக்கு மின்னலைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மின்னல் வீச்சு ஒன்றின் மிகப் பிரகாசமான பகுதி ஒரு மில்லி விநாடிகூட, அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட, நீடிப்பதில்லை. 24 படம் என்ற கணக்கு உண்மையானால் மின்னலை எவரும் கண்டிருக்கவே முடியாது. ஆனால் நாம் காண்கிறோம். அதன் வெளிச்சத்தில், காற்றில் ஆடும் தென்னங்கீற்று அந்தரத்தில் உறைந்து நிற்பதையும் காண்கிறோம். அது மட்டுமன்று. ஒரு மின்னல் பெரும்பாலும் ஒரே வழியில் மூன்று நான்கு முறை அடுத்தடுத்து வீசுகிறது; இரண்டு வீச்சுகளுக்கு இடையே ஏறக்குறைய 50 மில்லி விநாடி இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி கண்ணுக்குப் பிடிபடுவதால்தான் மின்னல் துடிதுடிப்பதாகத் தெரிகிறது. ஒரே மின்னலில், ஒரு மில்லி விநாடிக்கும் குறைந்த ஒளியைக் கண் வாங்கிக்கொள்வதையும், 50 மில்லி விநாடி இடைவெளியைப் பிரித்தறிவதையும் நாம் சேர்த்தே பார்த்துவிடுகிறோம்.

ஒளி எவ்வளவு குறுகியதாயினும் கண்ணில் படுவதற்குக் காரணம், கண் கடிகாரத்தைப் போல் வேலை செய்யாமல் குடத்தைப் போல் வேலை செய்வதே. குறுகிய நேரத்தில் வந்த ஒளி முழுவதையும் அது சேர்த்துக் கூட்டிக்கொள்கிறது. பிளாக் என்ற பிரெஞ்சு அறிஞர் 1885-இல் இதை விதியாகவே சொன்னார்: ஒரு வரம்புக்குள், பாதி நேரம் இரட்டிப்பு வெளிச்சம் காட்டினாலும், முழு நேரம் ஒற்றை வெளிச்சம் காட்டினாலும் கண்ணுக்கு ஒன்றுதான். இருளில் பழகிய கண்ணுக்கு அந்த வரம்பு பத்தில் ஒரு விநாடி அளவு. நல்ல வெளிச்சத்தில் அதைவிடக் குறைவு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகிய மூவரும் 1942-இல் ஒரு மில்லி விநாடி மட்டுமே மின்னும் பச்சை ஒளியை இருட்டறையில் காட்டினார்கள். கருவிழியின் மேல் 54 முதல் 148 ஒளித்துகள்கள் விழுந்தாலே பார்த்தவர்கள் "தெரிகிறது" என்றார்கள்; அவற்றிலும் விழித்திரையில் உண்மையாகப் பயன்பட்டவை 5 முதல் 14 வரைதான் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இவ்வளவு நுண்ணிய உறுப்பை விநாடிக்கு 24 படம் எடுக்கும் கேமராவாகச் சித்திரிப்பது அதற்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இனி, மின்னி அணையும் ஒளி எப்போது ஒரே சீரான ஒளியாகத் தெரிகிறது என்ற கேள்வி. இதற்கும் ஒரே எண் இல்லை. மங்கிய ஒளியில் விநாடிக்கு இருபதுக்கும் குறைவான துடிப்புகளே சேர்ந்து சீராகிவிடும். பிரகாசம் பத்து மடங்கு கூடக்கூட அந்த எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்து 50, 60 என்று போகும். பரப்பும் பெரிதாக இருந்தால் இன்னும் உயரும். பழைய கண்ணாடிக் குழாய்க் கணினித் திரைகளில் வேலை செய்தவர்களுக்கு, நேராகப் பார்க்கும்போது சீராக இருந்த திரை ஓரக்கண்ணால் பார்க்கும்போது படபடத்தது நினைவிருக்கும். திரையரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். பேசும் படம் வந்த காலம் முதல் பிலிம் விநாடிக்கு 24 படங்களாக ஓடியது உண்மை. ஆனால் புரொஜெக்டரின் உள்ளே சுழலும் ஷட்டர், ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று முறை மறைத்துத் திறந்து, திரையில் 48 அல்லது 72 முறை ஒளி விழும்படி செய்தது. 24-க்கு மேல் கண்ணுக்குத் தெரியாது என்றால் அந்த ஷட்டருக்கு வேலையே இல்லை. 24 என்பது அசைவு தொடர்ச்சியாகத் தோன்றவும், ஒலி ஒழுங்காகப் பதியவும், பிலிம் செலவு கட்டுப்படியாகவும் தேர்ந்தெடுத்த ஓர் எண். கண்ணின் எல்லை அன்று.

இரண்டில் எது முதலில் வந்தது என்று சொல்லும் திறன் வேறொரு கணக்கு. வியன்னாவில் எக்ஸ்னர் 1875-இல் இரண்டு மின்பொறிகளைத் தள்ளித்தள்ளி வைத்துச் சோதித்தபோது, முந்தியது எது என்று சொல்ல ஏறக்குறைய 45 மில்லி விநாடி இடைவெளி தேவைப்பட்டது. அதே பொறிகளை நெருக்கி வைத்து, ஒன்று மற்றொன்றாக நகர்வதைப் போன்ற தோற்றம் வரும்படி செய்தபோது, சுமார் 15 மில்லி விநாடி இடைவெளியே போதுமானதாயிற்று. வரிசையாகத் தெரியாதது அசைவாகத் தெரிகிறது. காதோ இரண்டு மில்லி விநாடி இடைவெளியுள்ள ஒலிகளையே பிரித்துவிடும். பட்டறையில் கண்ணை நம்புவதற்கு முன் காதை நம்பு என்று எங்கள் காலத்து மேஸ்திரிகள் சொன்னதில் பொருள் இருந்தது.

இமைப்பதைப் பற்றியும் ஒரு சொல். கண்ணிமைக்கும் பொழுதையும் கைநொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தார் தொல்காப்பியர். அந்த ஓர் இமைப்பு பத்தில் ஒன்று முதல் பத்தில் நான்கு விநாடி வரை நீடிக்கிறது. நிமிடத்துக்குப் பல முறை நிகழ்கிறது. அதே அளவு நேரத்துக்கு அறை விளக்கு அணைந்து எரிந்தால் உடனே மேலே பார்க்கிறோம்; இமைப்பால் வரும் இருளை மட்டும் உணர்வதே இல்லை. மூளை தானே உண்டாக்கிய இடைவெளியைத் தானே அடக்கிவிடுகிறது. ஆக, கண்ணில் விழுவது எல்லாம் அப்படியே காட்சியாவதில்லை; காட்சியாகாதது எல்லாம் கண்ணில் விழாததும் இல்லை.

கட்டுரையாளர் விட்டுவிட்டதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, கண் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது. இதை விளக்க வீட்ஸ்டனின் கண்ணாடியைச் சொல்ல வேண்டும். மின்பொறி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை அறிய விரும்பிய சார்லஸ் வீட்ஸ்டன், 1834-இல் லண்டனில் ஒரு சிறு கண்ணாடியை விநாடிக்கு 800 முறை சுழலவிட்டு, அதில் பொறியின் பிம்பத்தைப் பார்த்தார். பொறி சற்றே நீடித்தாலும் சுழலும் கண்ணாடி அதை ஒரு கோடாக இழுத்துவிடும். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் பிம்பம் இரண்டு பாகை நகரும் என்பதால், பிம்பம் அரைப் பாகை நகர ஒரு விநாடியில் 11,52,000-இல் ஒரு பங்கே ஆகும். அவர் பயன்படுத்திய அளவுமானி வேறு எதுவும் இல்லை. வெறும் மனிதக் கண்தான். காலத்தை நீளமாக மாற்றிக் கொடுத்துவிட்டால், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு விநாடியையும் கண் கண்டுகொள்ளும்.

அந்தச் சுழலும் கண்ணாடி நம் ஒவ்வொருவர் முகத்திலும் இருக்கிறது. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் பார்வையை மாற்றும்போது, கண்விழி விநாடிக்கு 500 பாகைக்கும் மேற்பட்ட வேகத்தைத் தொடுகிறது. அந்தத் தாவலின் நடுவே, விநாடிக்கு 1000 முறை மின்னும் விளக்கு ஒன்று எதிர்ப்பட்டால், ஒவ்வொரு மின்னலும் விழித்திரையில் முந்தியதற்கு அரைப் பாகை தள்ளி விழும். அரைப் பாகை என்பது வானத்தில் முழுநிலவின் அகலம். ஆகவே, நிலைத்த பார்வைக்குச் சீராகத் தெரிந்த விளக்கு, பார்வை தாவும் கணத்தில் புள்ளிகளின் சரமாகச் சிதறுகிறது. இரவில் முன்னே செல்லும் சில வண்டிகளின் சிவப்பு எல்இடி விளக்கை விட்டுச் சாலையோரத்துக்குப் பார்வையை மாற்றும்போது, சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெறிப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். கண்ணில் கோளாறு என்று பயந்தவர்களையும் நான் அறிவேன். கோளாறு கண்ணில் இல்லை. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல், இத்தகைய தாவலின்போது விநாடிக்கு 1000-க்கும் மேற்பட்ட துடிப்புகளை மனிதர்கள் கண்டுகொள்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கண் நகராமல் பொருள் நகர்ந்தாலும் கணக்கு இதுவே. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு உச்சங்கள். எனவே சரியான டிரைவர், அதாவது மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் மின்சுற்று, இல்லாத விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும் சக், ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையே 60 பாகை திரும்புகிறது. மூன்று தாடைகள் 120 பாகைக்கு ஒன்றாக இருப்பதால், அவை ஒன்றுவிட்டு ஒரு மின்னலில் முந்தைய இடத்திலேயே நிற்கும். மற்ற மின்னல்களில் அந்த இடங்களுக்கு நடுவே நிற்பதால், கண்ணுக்கு ஆறு தாடை கொண்ட சக் ஒன்று அசையாமல் நிற்பதாகத் தோன்றும். சுமையின் கீழ் மோட்டார் சற்றே தளர்ந்து 995 சுற்றாகக் குறைந்தால், குறைந்த அந்த 5 சுற்றுதான் கண்ணுக்குத் தெரியும். அதாவது பன்னிரண்டு விநாடிக்கு ஒரு சுற்று என்று, பின்னோக்கி, மிக நிதானமாக. அந்த மாணவன் பார்த்தது இதைத்தான். மூன்றுக்குப் பதில் ஆறு தாடை மங்கலாகத் தெரிகிறதே என்று எண்ணிப் பார்க்கும் அனுபவம் அவனுக்கு எப்படி இருக்கும்?

முந்தைய தலைமுறை எலக்ட்ரீஷியன்களுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். பட்டறையில் டியூப் லைட்டுகளை இரட்டையாக மாட்டி, ஒன்றின் சோக்குடன் கண்டென்சரைச் சேர்த்து, ஒன்று மங்கும்போது மற்றொன்று பிரகாசிக்கும்படி செய்வார்கள். அடுத்தடுத்த வரிசைகளை வெவ்வேறு ஃபேஸில் கொடுப்பார்கள். லேத்தின் தலைமேல் தனியாக 24 வோல்ட் குண்டு பல்பு ஒன்று எரியும். அதன் இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த உச்சம் வந்துவிடுவதால் துடிப்பு மிகக் குறைவு. எல்இடியோ மின்சாரம் இறங்கும் கணத்திலேயே தானும் இறங்கிவிடும். ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கண்டென்சரை டிரைவரில் வைத்தால் இந்தக் குறை தீரும். விலை குறைக்க முதலில் கழற்றப்படுவதும் அதுவே. கடைகளில் டிஓபி (டிரைவர் ஆன் போர்டு, அதாவது டிரைவரும் எல்இடியும் ஒரே பலகையில்) என்று சொல்லி விற்கப்படும் மலிவு விளக்குகள் சிலவற்றில் அதைக் காண முடிவதில்லை. எல்இடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அருமையான சாதனம். நல்ல டிரைவருடன் வந்தால் டியூப் லைட்டைவிடச் சீரான ஒளி தரும்.

தெரியாத துடிப்பு உடம்பையும் விட்டுவைப்பதில்லை. ஆர்னால்டு வில்கின்ஸ் முதலானோர் 1989-இல் ஓர் அலுவலகக் கட்டடத்தில், சாதாரண சோக் போட்ட விளக்குகளையும், விநாடிக்குப் பல்லாயிரம் முறை இயங்கும் மின்னணுச் சோக் போட்ட விளக்குகளையும், ஊழியர்களுக்கு எது எப்போது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி எரியவிட்டார்கள். இரண்டாம் வகை விளக்கின் கீழ் தலைவலியும் கண் சோர்வும் பாதிக்கும் கீழே குறைந்தன. ஐரோப்பிய ஒன்றியம் எல்இடி விளக்குகளின் இந்தத் துடிப்புத் தோற்றத்துக்கு ஓர் அளவை நிர்ணயித்து, 2021 செப்டம்பர் முதல் 0.9 என்றும், 2024 செப்டம்பர் முதல் 0.4 என்றும் வரம்பு கட்டியிருக்கிறது. அந்த அளவில் 1 என்பது சராசரி மனிதர் துடிப்பை உணரத் தொடங்கும் நிலை. அங்கே எழுதப்பட்ட அந்த எண் இங்கே விற்கும் விளக்குப் பெட்டிகளிலும் வாட், லுமென் ஆகியவற்றின் அருகே அச்சிடப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை. குறைந்தபட்சம், சுழலும் இயந்திரம் உள்ள இடங்களுக்கு விளக்கு வாங்கும் ஒப்பந்தப்புள்ளிகளிலாவது இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

அதுவரை வாசகர்கள் வீட்டிலேயே சோதித்துக்கொள்ள எளிய வழி உண்டு. இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, சோதிக்க வேண்டிய விளக்கின் கீழ் பளபளப்பான இரும்பு ஸ்கேல் ஒன்றை முகத்துக்கு நேராக வேகமாக வீசிப் பார்க்கட்டும். நல்ல விளக்காயின் ஸ்கேல் ஒரே மங்கலான விசிறியாகத் தெரியும். துடிக்கும் விளக்காயின் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகப் பல ஸ்கேல்கள் தனித்தனியே நிற்கும். விநாடிக்கு 24-க்கு மேல் காண முடியாத கண் அவற்றை எண்ணவும் முடியும்.

கட்டுரையின் அந்தப் பகுதிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அறிவியல் பக்கத்தைத் தொழிற்பயிற்சி நிலையங்களின் தகவல் பலகையில் வாரந்தோறும் ஒட்டுகிறார்கள். லேத்தின் முன் நிற்கப்போகும் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
கோயம்புத்தூர்.